தெருமட்டமும் தார்ப்படலமும்

தெரு, மறுகு, வீதி எனத் தமிழ் நூல்கள் வழங்கும் ஊர்வழி, இல்லத்தின் திண்ணைக்குத் தாழ்ந்தே அமைவது பழைய மனைமரபு. படியேறி மனைபுகுதலும், மழைநீர் தெருவழி ஓடுதலும் அதன் பயன்களாம். இவ்வமைப்பு நிலைகுலைந்த வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு நகராட்சிகளும் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்கீழ் 2023 வரை ஆளப்பட்டவை. பொதுத்தெருக்களை அச்சட்டம் நகராட்சி மன்றத்தின் உரிமையாக்கிற்று. கப்பிச்சாலைகள் பின்னர்த் தார்ச்சாலைகள் ஆயின. தமிழக நகரங்களில், தேய்ந்த பரப்பை அகற்றாது அதன்மேலேயே புதுப்படலம் இடும் வழக்கம் வேரூன்றியது. ஒருமுறைக்கு 4 செ.மீ. எனக் கொள்ளினும் ஐந்து முறையில் தெரு 20 செ.மீ. உயரும், வாயிற்படி ஒன்று மறையும். வீடு தாழவில்லை, தெருவே உயர்ந்தது என்க.

இதனைத் தடுக்கவே, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுச்சாலை இடுதல் வேண்டுமெனத் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு 2021 மே திங்களில் பணித்தார்.

2024 டிசம்பர் 1ஆம் நாள் காலையோடு முடிந்த ஒருநாளில், பெஞ்சல் புயலால் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பொழிந்தது. அத்துணை வெள்ளத்திற்குச் சாலை ஒன்றே காரணமாகாது. ஆயினும், தெருவினும் தாழ்ந்த மனைக்குள் சிறுமழையும் புகும் என்பது ஒருதலை. ஆதலின், சுரண்டும் விதி பொறியியல் நெறி மட்டுமன்று. பழைய மனைகளைக் காக்கும் நெறியும் ஆம் என்பது எம் துணிபு.