வெள்ளைத் துண்டு வீசியதும்: புதுக்கோட்டை கண்மாய் மீன் யாருக்குச் சொந்தம்?

இன்னிக்கு எபிசோட் மீன்பிடிப் போட்டியைப் பற்றி. புதுக்கோட்டைக்குப் போறதுக்கு முன்னாடி, ஒரு நிமிஷம் இங்கிலாந்து போயிட்டு வந்துடலாம்.

அங்கே மீன்பிடிக்கிறவர்களுக்காகவே வெட்டி, கெண்டை மீன்களை விட்டு நிரப்பிய ஏரிகள் உண்டு. கட்டணம் கட்டித்தான் உள்ளே போகணும். போட்டி நாளில் கரை முழுக்க நம்பர் போட்ட இடங்கள் இருக்கும். யார் எந்த நம்பரில் உட்காரணும்னு சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். ஒரே நேரத்தில் ஆரம்பிக்கணும், ஒரே நேரத்தில் தூண்டிலை எடுத்துடணும். பிடித்த மீனையெல்லாம் தண்ணீருக்குள்ளேயே ஒரு நீளமான வலைப்பையில் உயிரோடு வைத்திருந்து, கடைசியில் எடை போடுவார்கள். எடை அதிகம் உள்ளவருக்குப் பரிசு. அப்புறம் அத்தனை மீனும் திரும்ப ஏரிக்கே. யாரும் வீட்டுக்குக் குழம்பு வைக்க எடுத்துட்டுப் போறதில்லை.

இப்போ நம்ம ஊருக்கு வரலாம். மாசி பங்குனியில் அறுவடை முடிந்து, வெயில் ஏறி, கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிய நேரம். பொன்னமராவதி, இலுப்பூர், அன்னவாசல், விராலிமலைப் பக்கத்து ஊர்களில் ஒரு தேதி சொல்வார்கள். அன்றைக்கு விடிவதற்கு முன்னாலேயே சுற்று வட்டாரத்து ஆட்கள் டூவீலரிலும் மினி லாரியிலும் கரையில் வந்து நிற்பார்கள். கையில் ஊத்தா, வலை, கச்சா, பரி, ஒன்றும் இல்லாதவர்களிடம் கொசுவலை அல்லது பழைய சேலை. ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை எடுத்து வீசுவார்கள். அவ்வளவுதான். கரையில் நின்ற மொத்தக் கூட்டமும் தண்ணீருக்குள் இறங்கிவிடும்.

இதுதான் மீன்பிடித் திருவிழா. சிவகங்கை, மதுரைப் பக்கம் கண்மாயை ‘அழிக்கிறது’ன்னும் சொல்வாங்க. இங்கே சீட்டுக் குலுக்கல் கிடையாது, தராசும் கிடையாது. பிடித்த மீனை விற்கக் கூடாது என்பது பழைய வழக்கம். வீட்டில் சமைக்கலாம், சொந்தக்காரர்களுக்குக் கொடுத்து விடலாம். மீனைப் பிடித்துப் பகிர்ந்து சாப்பிட்டால் அடுத்த வருஷம் மழை பெய்யும் என்ற நம்பிக்கையும் கூடவே இருக்கு.

ரெண்டுமே ஒரே நேரத்தில் ஆரம்பிக்கிற மீன்பிடிதான். ஒன்றில் மீன் ஏரி முதலாளியோடது. இன்னொன்றில் மீன் ஊரோடது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது, நம்ம பக்கம் அது எப்படி மாறிக்கிட்டு வருது என்பதுதான் இன்றைய கதை.

மழையோடு வந்த மீன்

புதுக்கோட்டையில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற பெரிய ஆறு கிடையாது. வெள்ளாறு, அம்புலியாறு, அக்னியாறு எல்லாமே மழைக்கு ஓடுகிற ஆறுகள். அதனால் இந்த மண்ணில் விவசாயம்னா கண்மாய்தான். புதுக்கோட்டை நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கவிநாடு கண்மாய் மாதிரி கடல் போலத் தெரிகிறதும் உண்டு, நாலைந்து வயலுக்குப் பாய்கிற சின்னக் கண்மாயும் உண்டு. மேலே இருக்கிற கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக வழிந்து கீழே இருக்கிற கண்மாய்க்குப் போகும். இப்படிச் சங்கிலி மாதிரி கோத்துக் கட்டியிருக்கிறார்கள்.

இந்தச் சங்கிலியில் தண்ணீரோடு மீனும் நகரும். வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி கார்த்திகையில், வாய்க்கால் ஓடும்போது ஒரு கண்மாயின் மீன் இன்னொரு கண்மாய்க்குப் போய்ச் சேரும். விரால் வெறும் காற்றையும் சுவாசிக்கக் கூடியது. தண்ணீர் குறைந்து சேறாகும் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். குரவையும் அப்படித்தான். இந்த மீன்களை யாரும் காசு கொடுத்து வாங்கி விடவில்லை. மழை கொண்டுவந்தது.

கோடையில் கண்மாய் வற்றத்தான் போகிறது. பிடிக்காமல் விட்டால் பெரும்பாலான மீன் வெயிலில் செத்து நாறிப் போகும், இல்லைன்னா கொக்குக்கும் நாரைக்கும் போகும். அதனால் எல்லாரும் ஒரே நாளில் இறங்கி எடுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கு. அதற்கு முன்னால் யாரும் திருட்டுத்தனமாக இறங்கக் கூடாது என்பதும் அதே நியாயத்தோட இன்னொரு பக்கம்.

ஊத்தாவைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். குச்சிகளை வட்டமாக அடுக்கிக் கட்டிய கூடை. கீழ்வாய் அகலம், மேல்வாய் குறுகல், ரெண்டு பக்கமும் திறப்பு. கலங்கிய தண்ணீரில் அதைக் குத்திக் குத்தி நடக்கணும். உள்ளே மீன் மாட்டினால் குச்சியில் முட்டுவது கைக்குத் தெரியும். மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுக்கணும். ஆழத் தண்ணீரில் இது வேலைக்கே ஆகாது. ஒரு ஆள் தனியாகக் குத்தினாலும் மீன் விலகி ஓடிடும். நூறு பேர் சேர்ந்து தண்ணீரைக் கலக்கினால்தான் மீனுக்குப் போக்கிடம் இல்லாமல் போகும். பக்கத்தில் நிற்கிற ஆள் போட்டியாளர்தான், ஆனா அவர் இல்லாமல் உங்களுக்கு மீன் கிடைக்காது.

கல்வெட்டில் மீன் கணக்கு

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். அந்தக் காலத்தில் எல்லாம் பொதுவாக இருந்தது, இப்போதான் ஏலம் வந்து கெட்டுப் போச்சா? வரலாறு அப்படிச் சொல்லலை.

இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் ‘மீன் பாட்டம்’, ‘பாசிப் பாட்டம்’ என்ற சொற்கள் வருகின்றன. ஏரி, குளத்து மீன் மீதான வருமானத்தையும் வரியையும் குறிக்கிறவை அவை. அந்த வருமானத்தை ஏரியில் தூர் வாரவும் கரையைச் சரி செய்யவும் ஒதுக்கிய ஊர்களும் இருந்தன. அதாவது மீனை விற்ற காசு திரும்ப அந்த ஏரிக்கே போனது. ‘பாசி’ என்ற அந்தச் சொல் இன்னும் சாகலை. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்து ஏல அறிவிப்பைப் பாருங்க, ‘மீன்பாசி குத்தகை’ன்னு இருக்கும். சோழர் காலத்துச் சொல் இன்னிக்கும் அரசாங்க நோட்டீஸ் போர்டில் தொங்குது.

அன்னவாசலுக்குப் பக்கத்திலேயே சித்தன்னவாசல். அங்கே அறிவர் கோயில் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் வரைந்திருக்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டு ஓவியம். பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. குளத்தில் யானை, எருமை, பறவைகள், தாமரை பறிக்கிற ஆட்கள், நடுவில் துள்ளுகிற மீன்கள். ஒருத்தர் கையிலும் வலை இல்லை. சமணக் கோயில், கொல்லாமை பேசுகிற இடம். ஆனால் கெண்டை மீனின் உடம்பையும் செதிலையும் வரைந்தவர் அதை நேரில் நல்லா பார்த்த ஆள்தான்னு நினைக்கத் தோணுது.

சரி, கண்மாய் மீன் ‘ஊருக்குப் பொது’ன்னா, எந்த ஊருக்கு? மானுடவியலாளர் டேவிட் மோஸ், புதுக்கோட்டைக்குத் தெற்கே இருக்கிற கண்மாய்ப் பகுதிகளை ஆராய்ந்து 2003இல் ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ என்ற புத்தகம் எழுதினார். கண்மாய் என்பது தண்ணீர் மட்டும் இல்லை, மரியாதை, அதிகாரம், சாதி எல்லாம் அதில் கலந்திருக்கு என்பது அவர் வாதம். யார் மடை திறப்பது, யாருக்கு முதல் மரியாதை என்பதற்கெல்லாம் ஒரு வரிசை இருந்தது. அதனால் பழைய ‘பொது’வை ரொம்பவும் இனிப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வெளியூர் ஆட்கள், பெண்கள், குழந்தைகள் எல்லாரும் ஒரே சேற்றில் இறங்குகிற இன்றைய திருவிழா, சில விஷயங்களில் பழசைவிடத் திறந்தது.

துரைமார் தூண்டில்

19ஆம் நூற்றாண்டில் நம்ம ஏரிகளுக்கு இன்னொரு வகை மீன்பிடி வந்தது. மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹெச். எஸ். தாமஸ் 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்றும், 1887இல் ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்றும் புத்தகங்கள் எழுதினார். ரெண்டாவது முழுக்க முழுக்க ஏரி, குளத்தில் தூண்டில் போடுவதைப் பற்றியது. இங்கே மீன்பிடி பொழுதுபோக்காக மாறுகிறது.

அந்த நேரத்து அதிகாரிகளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது: நெருக்கமான கண்ணி வலை, விஷம் கலப்பது, இதனால் மீன் குறைகிறது என்று. 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன்பிடிப்பதைக் குற்றமாக்கியது அந்தச் சட்டம்தான்.

இதே காலத்தில் இங்கிலாந்திலும் ஒரு சட்டம் வந்தது. 1878இல், முட்டையிடும் பருவத்தில் நன்னீர் மீன்களைப் பிடிக்கக் கூடாது என்று. அதைக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர்கள் ஷெஃபீல்டு நகரத்துத் தூண்டில்காரர்கள். பெரும்பாலும் தொழிலாளிகள். சால்மன், ட்ரவுட் எல்லாம் பணக்காரர்கள் மீன். மிச்சமிருந்த ‘மட்ட’ மீன்தான் இவர்களுக்கு. அந்த மீனைக் காப்பாற்ற இவர்களே விதி கேட்டார்கள். நம்ம ஊரில் துண்டு வீசும் வரை இறங்காதே என்று ஊர் சொல்கிற விதியும் அதே குடும்பம்தான்.

ஆக்ஸிஜன் பையில் வந்த மீன்

கதை திரும்புகிற இடம் 1957. அந்த வருஷம் ஜூலை 10ஆம் தேதி, ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி போட்டு, கெண்டை வகை மீன்களைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். இன்றைக்கும் ஜூலை 10தான் தேசிய மீன் விவசாயிகள் தினம்.

இது ஏன் பெரிய விஷயம்? கட்லாவும் ரோகுவும் ஓடுகிற வெள்ளத்தில்தான் முட்டையிடும். தேங்கிய கண்மாயில் வளரும், பெருகாது. முன்னெல்லாம் ஆற்றில் குஞ்சு தேடிப் பிடிக்கணும். ஊசி வந்த பிறகு பண்ணையிலேயே குஞ்சு தயார். வடக்கத்தி மீன்களான கட்லாவும் ரோகுவும் பாலித்தீன் பையில், தண்ணீரும் ஆக்ஸிஜனும் அடைத்து, தெற்கே எந்தக் கண்மாய்க்கும் போக முடிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்தது. அதற்கு ஊசியே தேவையில்லை, எங்கே விட்டாலும் பெருகிடும்.

என் வாதம் இதுதான். மழையோடு வந்த மீனுக்கு பில் கிடையாது. பையில் வந்த மீனுக்கு பில் உண்டு. குஞ்சு வாங்கினவர் யார், தீவனம் போட்டவர் யார் என்ற கேள்வி வந்துவிட்டால், மீனுக்கு முதலாளி வந்துவிடுவார். கட்லா இறங்கிய கண்மாய் பாதி வழியில் அந்த இங்கிலாந்து ஏரியாகிவிடுகிறது. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் கீழ் உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் பொதுப்பணித் துறை, இப்போது நீர்வளத் துறை. மீன்பாசியை ஏலம் எடுத்தவர் வலைபோட்டு லாரியில் ஏற்றிவிட்டால் அங்கே திருவிழாவுக்கு இடமில்லை. சில இடங்களில் ரெண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: ஒரு ஊத்தாவுக்கு இவ்வளவு என்று கட்டணம். பணம் கட்டி இறங்கி, மீன் சரியாகக் கிடைக்காவிட்டால் கோபம் வருகிறது. இலவசமாக இறங்கினவர் வெறுங்கையோடு சிரிச்சுக்கிட்டே போவார். டிக்கெட் வாங்கினவர் அப்படிப் போக மாட்டார்.

ஏலக்காரரை வில்லனாக்கவும் முடியாது. குஞ்சு விட்டது அவர், நஷ்டம் வந்தாலும் அவருக்குத்தான். ஊராட்சிக்கும் வருமானம் வேணும். பழைய மீன் பாட்டத்திலிருந்து நாம கேட்க வேண்டிய கேள்வி வேற: அந்தக் காசு கண்மாய்க்குத் திரும்பிப் போகுதா?

ஏன்னா இன்றைக்கு நிஜமான ஆபத்து கண்மாய்க்குத்தான். வரத்து வாய்க்காலில் ஆக்கிரமிப்பு, உள்ளே சீமைக் கருவேலம், நீர்ப்பிடிப்புப் பகுதியில் தைலமரத் தோப்பு. புதுக்கோட்டை விவசாயிகள் தைலமரத்தைப் பற்றிப் பல வருஷமாகப் புகார் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாய்க்கால் அறுந்தால் மீன் நகருகிற சங்கிலியும் அறுந்துடும். அப்புறம் விராலும் குரவையும் தானாக வராது, பையில் வருகிறது மட்டும்தான் வரும். வராத மழைக்குத் திருவிழாவும் இல்லை.

இந்தக் கோடையில் திருவிழாவுக்குப் போகணும்னு தோணினா, தாராளமா போங்க. ஆனா முதல்ல ஊர்க்காரங்ககிட்ட கேளுங்க, அந்த வருஷம் வெளியாட்களை விடுகிறார்களா, கட்டணம் உண்டா என்று. கெளுத்தி முள் குத்தினால் கை வீங்கிடும், அதைப் பிடிக்கத் தெரிந்தவரிடம் கற்றுக்கொண்டு இறங்குங்க. எவ்வளவு பிடித்தீங்க என்பதைவிட, உங்க ஊத்தாவில் மாட்டினது கட்லாவா விராலா என்று பாருங்க. அந்தக் கண்மாய்க்கு மழைத் தண்ணீர் இன்னும் வருதா இல்லையா என்று அது ஓரளவு சொல்லிடும்.