கிரகணம்: கணித்த அறிவும் காக்க வேண்டிய கண்ணும்



கிரகணக் காலத்தில் ஆலய நடை சாத்தப்படுவதும், கிரகணம் விட்டபின் சுத்தி செய்து மீண்டும் திறக்கப்படுவதும் நாம் அறிந்த வழக்கம். பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோரும் இதனைப் போற்றினர். கிரகண நேரத்தைப் பஞ்சாங்கம் முன்னதாகவே கூறிவிடும். அக்கணக்கை வானத்தை நோக்கிச் சரிபார்த்த பெரியார் ஒருவரை நாம் நினைவுகூர்தல் தகும்.

அவர் சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண அவர் வனபர்த்திக்குச் சென்றார். அன்றே குண்டூரில் ஆங்கிலேயக் குழுவினர் அதனை நிழற்படம் எடுத்தனர். அந்நிழல் வங்கக் கடலைக் கடந்து, நமக்கு வடக்கேயுள்ள சயாமை அடைந்தது. அக்கிரகணத்தைத் தாமே கணித்திருந்த மன்னர் மோங்குட், அங்கே கடற்கரையில் காத்திருந்து கண்டார்.

ஆச்சாரியார் 1871 டிசம்பர் 12ஆம் நாள் கிரகணத்தை அவிநாசியில் ஆராய்ந்தார். 1874இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கும் அரிய நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கிச் சிறுநூல் இயற்றினார். திருக்கணித முறையில் பஞ்சாங்கமும் வெளியிட்டார். சாத்திரமும் தொலைநோக்கியும் அவரிடத்தில் பகைகொள்ளவில்லை.

அவ்வறிவின் வழிவந்த நாம், பழைய பழக்கம் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். மஞ்சள் நீரிலும் சாணம் கரைத்த நீரிலும் தெரியும் சூரிய பிம்பத்தை நோக்குதல், புகையேற்றிய கண்ணாடி, எக்ஸ்ரே படச்சுருள், வெயில் கண்ணாடி ஆகியவற்றின் வழியே பார்த்தல் ஆகியன பாதுகாப்பல்ல. விழித்திரைக்கு வலியுணர்வு இல்லை; சுடுவது தெரியாமலே பார்வை பழுதாகும். அதற்கென உரிய தரச்சான்று பெற்ற கிரகணக் கண்ணாடியே ஏற்றது. அட்டையில் ஊசித்துளையிட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, ஒளியை வெள்ளைத் தாளில் விழச்செய்தும் காணலாம். இரப்பர் மர நிழலில், இலைகளின் இடைவெளியூடே தரையில் விழும் பிறை வடிவங்களும் கிரகணத்தின் பிம்பங்களே!

படம் எடுப்போர் கேமராவாயினும் கைப்பேசியாயினும் லென்சின் முன்புறம் சூரிய வடிகட்டியைப் பொருத்துதல் வேண்டும். கிரகணக் கண்ணாடி அணிந்து, வடிகட்டியற்ற கேமராவின் வழியே நோக்குதல் பேராபத்து.

2019 டிசம்பர் 26ஆம் நாள் தமிழகத்திலும் ஜொகூரிலும் கங்கண கிரகணம் தோன்றியது. பேராக்கில் அது பகுதிக் கிரகணமாயிற்று. 2031 மே 21ஆம் நாள் மற்றொரு கங்கண கிரகணம் தென்னிந்தியாவையும் மலேசியாவையும் கடக்கவுள்ளது. வளையம் தோன்றும் வேளையிலும் வெறுங்கண்ணால் பார்த்தலாகாது. நடை சாத்திய ஆலயத்தை வணங்கி, நம் பிள்ளைகளுக்கு வானத்தை முறையோடு காட்டுவோம். கண்ணொளி இறைவன் அளித்த செல்வம். அதனைக் காப்பதும் வழிபாடே.