கள்ளுக்கடை மறியலிலிருந்து கிளினிக் வரை: குடியை விட்டால் கிடைப்பது என்ன?

புக்கிட் ரம்பாய்: தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சம்பள நாள் என்றதும் இரண்டு நினைவுகள் வரும். ஒன்று, வீட்டுக்கு வரும் பலகாரப் பொட்டலம். மற்றொன்று, அப்பா எந்த நேரத்தில், எந்த நிலையில் வீடு திரும்புவார் என்ற பயம். லயங்கள் போய்த் தாமான்கள் வந்துவிட்டன. பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள் இன்று தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். ஆனால் பல வீடுகளில் அந்தப் பயம் மட்டும் இன்னும் பழங்கதையாகவில்லை.

"அவன் மனசு வைத்தால் விட்டுவிடலாம்" என்பது குடிப்பவரைப் பற்றி நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை. அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. மனம் வைக்க வேண்டும். ஆனால் மனம் மட்டும் போதாது. மருத்துவமும் குடும்பமும் அக்கம்பக்கமும் துணை நிற்கும்போதுதான் அந்த முடிவு நிலைக்கிறது. மலேசியத் தமிழர்களின் வரலாறும் இதையே சொல்கிறது.

தோட்டத்துக்குள் வந்த கள்ளு

ஆங்கிலேயர் காலத்து மலாயாவில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் பல தோட்டங்களின் எல்லைக்குள்ளேயே நடந்தன. வேலை முடிந்து களைத்து வரும் தொழிலாளிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரே பொழுதுபோக்கு அது. கள்ளு இருந்தால்தான் ஆட்கள் தோட்டத்தில் தங்குவார்கள் என்று நினைத்த நிர்வாகங்களும் இருந்தன. கடையில் கிடைத்த லாபத்தின் ஒரு பகுதி தொழிலாளர் நலனுக்குச் செலவிடப்பட்டது. அதாவது, தொழிலாளி குடித்த காசுதான் அவனுடைய நலநிதி என்று பெயர் மாறி அவனிடமே திரும்பி வந்தது.

இதைத் தொழிலாளர்கள் உணராமல் இல்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தத்தில் ஊதிய உயர்வு, பிள்ளைகளின் கல்வி, மருத்துவ வசதி ஆகிய கோரிக்கைகளோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கக் கேட்டவர்கள்தான் கள்ளுக்கடையையும் மூடச் சொன்னார்கள். அவர்களுக்கு இரண்டுமே மானப் பிரச்சினை. அந்தப் போராட்டம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது. தொழிலாளர்கள் சிலர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போர் முடிந்த பிறகு கெடாவில் இந்தக் குரல் மீண்டும் எழுந்தது. பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி தலைமையில் இயங்கிய 'தொண்டர் படை', தோட்டம் தோட்டமாகச் சென்று கள்ளு குடிப்பதற்கு எதிராகத் தொழிலாளர்களைத் திரட்டியது; கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947ஆம் ஆண்டின் முற்பகுதியில் போலீசாருடன் மோதல்கள் ஏற்பட்டு உயிர்ப்பலியும் நேர்ந்தது. பலர் சிறைக்குச் சென்றார்கள். குடியை விடுவதற்காக நம் மக்கள் அடியும் உதையும் வாங்கிய காலம் அது.

தோட்டத்துக் கள்ளுக்கடைகள் பின்னாளில் படிப்படியாகக் குறைந்தன. அந்த இடத்தை மலிவு விலைச் சம்சு பிடித்தது. கள்ளைவிடப் பல மடங்கு போதை கொண்ட அது, சிறு புட்டிகளில் எளிதாகக் கிடைத்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதை எதிர்த்துப் பல ஆண்டுகளாகப் பிரசாரம் செய்து வந்திருக்கிறது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரங்களில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். பிழைத்தவர்களுக்கும் பார்வை போகலாம். மலிவாகக் கிடைக்கிறது என்று அடையாளம் தெரியாத புட்டியை வாங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உடலுக்குக் கிடைக்கும் நன்மைகள்

'உடம்பு வலிக்கு நல்லது', 'குடித்தால் நன்றாகத் தூக்கம் வரும்' என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. குடித்தவருக்குக் கண் சீக்கிரம் சொக்கும் என்பது உண்மை. ஆனால் பின்னிரவில் தூக்கம் கலைந்துவிடும். அதனால்தான் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் காலையில் களைப்போடு எழுகிறார்கள். குடியை விட்டவுடன் சில நாள் தூக்கம் வராமல் சிரமப்படலாம். அதன் பிறகு வருவது இயல்பான தூக்கம்.

கல்லீரல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளக்கூடிய உறுப்பு. குடியால் கல்லீரலில் படிந்த கொழுப்பு, குடியை முழுமையாக நிறுத்திய சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். இந்த நிலையைத் தாண்டிக் கல்லீரல் சுருங்கிக் கெட்டிப்பட்டுவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். அப்போதும்கூடக் குடியை விட்டவர் நீண்ட நாள் வாழும் வாய்ப்பு, தொடர்ந்து குடிப்பவரைவிட அதிகம்.

அளவுக்கு மீறிக் குடிப்பவர்களுக்கு, நிறுத்திய சில வாரங்களில் இரத்த அழுத்தம் இறங்கும். நம் சமூகத்தில் வீட்டுக்கு ஒருவராவது நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு இது பெரிய லாபம். வெறும் வயிற்றில் குடித்துவிட்டு இன்சுலினோ சிலவகை நீரிழிவு மாத்திரைகளோ எடுத்தால் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அந்த மயக்கத்தைப் போதை என்று நினைத்து வீட்டார் விட்டுவிடுவதும் உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, 1988லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் ஆகிய ஏழு இடங்களில் வரும் புற்றுநோய்க்கும் மதுவுக்கும் தொடர்பு உண்டு. 'இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை' என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்று 2023 ஜனவரியில் அந்நிறுவனம் தெளிவாகக் கூறியது. பீர் ஆனாலும் கள்ளு ஆனாலும் விலை உயர்ந்த விஸ்கி ஆனாலும் உள்ளே இருப்பது அதே எத்தனால்தான்.

பணமும் சட்டமும்

நாளுக்கு 10 ரிங்கிட் குடிக்குச் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 300 ரிங்கிட். ஆண்டுக்கு 3,650 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்கும் ஒருவருக்கு, இது ஆண்டில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். பிள்ளையின் டியூஷன் கட்டணம், மோட்டார் சைக்கிள் தவணை, நகைக்கடையில் அடகு வைத்த தாலிக்கொடி எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். மறுநாள் வேலைக்குப் போகாமல் இழந்த சம்பளம் இதில் சேரவில்லை.

சட்டமும் கடுமையாகிவிட்டது. 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக்கூடாது. 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டத் திருத்தத்தின்படி, குடித்துவிட்டு வாகனம் ஓட்டினால் முதல் முறையே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். உயிர்ப்பலி நேர்ந்தால் சிறைத் தண்டனை 10 முதல் 15 ஆண்டு. தொழிற்சாலைக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வரும் இளைஞர்கள் இதை மறக்கக்கூடாது.

திடீரென நிறுத்துவதில் ஆபத்து

பலருக்குத் தெரியாத விஷயம் இது. பல ஆண்டுகளாகத் தினமும் அதிகமாகக் குடித்தவர், கோயிலில் கயிறு கட்டிக்கொண்டோ வீட்டாரிடம் சத்தியம் செய்துவிட்டோ ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும், பேச்சு குழறும், காய்ச்சல் அடிக்கும். 'காத்து கருப்பு அடித்துவிட்டது' என்று வீட்டிலேயே வைத்திருக்கக்கூடாது. உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போக வேண்டும்.

இந்தக் காரணத்தால் காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர்கள், நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் மலேசியர்களுக்கு 1 ரிங்கிட்தான் கட்டணம். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்து, வைட்டமின் பி1 ஆகியவற்றைக் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த வைக்க முடியும். குடிப்பழக்கம் எந்த அளவில் இருக்கிறது என்பதைப் பத்தே கேள்விகளில் கண்டறியும் முறையும் மருத்துவர்களிடம் உண்டு.

வீட்டார் என்ன செய்யலாம்?

போதையில் இருப்பவரோடு வாக்குவாதம் வேண்டாம். அவர் தெளிவாக இருக்கும் காலை வேளையில், பிள்ளைகள் இல்லாத இடத்தில் பேசுவது பலன் தரும். 'குடிகாரன்' என்று ஏசுவதைவிட, நேற்று நடந்தது என்ன என்பதை அப்படியே சொல்வது நல்லது. அவர் வாங்கிய கடனை இரகசியமாக அடைப்பதும், வேலையிடத்துக்கு அவருக்காகப் பொய் சொல்வதும் அன்பாகத் தோன்றினாலும் குடியைத்தான் நீட்டிக்கும். அடி உதை நடக்கும் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது மனைவி, பிள்ளைகளின் பாதுகாப்பு. பொறுத்துப் போவது அங்கே தீர்வாகாது. போலீசில் புகார் செய்ய உரிமை உண்டு.

விட்டவர் மீண்டும் ஒருநாள் குடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். பலர் இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகே முழுமையாக விட்டிருக்கிறார்கள். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம், விட்டவர்கள் கூடிப் பேசி ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிப்பதையே வழியாகக் கொண்டது. அதன் கூட்டங்கள் மலேசியாவிலும் நடக்கின்றன. மனம் உடைந்துபோனவர்கள் 15555 என்ற சுகாதார அமைச்சின் ஹீல் எண்ணையோ, 03-76272929 என்ற பிஃப்ரண்டர்ஸ் எண்ணையோ அழைத்துப் பேசலாம்.

அக்கம்பக்கத்துக்கும் இதில் பங்குண்டு. காதுகுத்து, கல்யாணம், கருமாதி என்று எதுவானாலும் கொட்டகைக்குப் பின்னால் புட்டி திறக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. விட்டு மூன்று மாதமானவரை 'ஒரு வாய் குடித்தால் என்னப்பா' என்று கையைப் பிடித்து இழுக்கும் நண்பர், அவர் வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிறார் என்பதை உணர வேண்டும். விருந்தில் மது இல்லை என்று ஒரு குடும்பம் துணிந்து சொன்னால், அடுத்த வீட்டாருக்கும் அது எளிதாகும்.

1947இல் கெடாத் தொழிலாளர்கள் கடையின் முன்னால் கூட்டமாகப் போய் நின்றார்கள். இன்று குடியை விட நினைப்பவர் பெரும்பாலும் தனியாகவே நிற்கிறார். அவரோடு கிளினிக் வரைக்கும் கூடப் போய்வர ஓர் ஆள் இருந்தால், பாதி வேலை முடிந்த மாதிரிதான்.