உரிமை துறந்த எழுத்து

எழுத்தை விலைக்கு விற்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை. எழுதுகிறவனுக்கும் குடும்பம் உண்டு. அச்சகத்துக்கும் காகிதக் கடைக்கும் தீர்க்கவேண்டிய பாக்கி உண்டு. ஆயினும், உறங்கிக் கிடக்கும் ஜனங்களைத் தங்கள் உரிமைக்காக எழுந்து நிற்கச் செய்யவேண்டும் என்ற ஒரே சங்கற்பத்தோடு எழுதப்படும் எழுத்துக்குத் தனியான ஒரு தர்மம் இருக்கிறது. அந்தத் தர்மத்தை நூல் எழுதி விளக்காமல், கால் நூற்றாண்டுக் காலம் அனுஷ்டித்தே காட்டியவர் காந்தியடிகள். தென்னாப்பிரிக்காவில் அவர் பொதுவாழ்வில் புகுந்த 1894ஆம் ஆண்டு முதல், ரௌலட் சட்டத்தை எதிர்த்துத் தேசம் கிளர்ந்தெழுந்த 1919ஆம் ஆண்டு வரையில் அவர் வெளியிட்ட பிரசுரங்களின் சரித்திரம், சத்தியாக்கிரகத்தின் சரித்திரத்தில் பாதி என்றே சொல்லலாம்.

நேட்டால் இந்தியக் காங்கிரஸ் 1894இல் தோன்றியபோது, அதன் கையிலிருந்த முக்கியமான ஆயுதம் துண்டுப் பிரசுரமே. தென்னாப்பிரிக்காவிலுள்ள ஒவ்வோர் ஆங்கிலேயனுக்கும் ஒரு விண்ணப்பம், இந்தியரின் வாக்குரிமை பற்றி மற்றொரு விண்ணப்பம் என இரண்டை எழுதி, காந்தி ஏராளமாகப் பரப்பினார். 1895ஆம் ஆண்டில், கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஊர் திரும்பாத கூலிகள் ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி கட்டவேண்டும் என்று நேட்டால் சர்க்கார் சட்டம் இயற்றிற்று. அந்த வரியின் பாரத்தைச் சுமந்தவர்களில் பெரும் பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் ஆவர். அவர்களுடைய துயரத்தைத் தாய்நாடு அறியவேண்டும் என்ற தவிப்போடுதான் 1896இல் காந்தி இந்தியா வந்தார்.

ராஜகோட்டில் தங்கி, எழுதுவதும் அச்சிடுவதுமாக ஏறக்குறைய ஒரு மாதம் உழைத்து அவர் வெளியிட்ட சிறு பிரசுரத்துக்கு மேலட்டை பச்சை நிறத்தில் அமைந்தபடியால், 'பச்சைப் பிரசுரம்' என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. பதினாயிரம் பிரதிகள் அச்சாயின. இந்தியாவிலுள்ள பத்திரிகைகள் அனைத்துக்கும், எல்லாக் கட்சித் தலைவர்களுக்கும் அவை போயாகவேண்டும். பதினாயிரம் பிரதிகளையும் மடித்து, உறையிட்டு, தபாலுக்குச் சித்தம் செய்யக் கூலிக்கு ஆள் வைத்தால் செலவு கையை மீறும். காந்தி அந்தப் பேட்டையிலுள்ள சிறுவர்களையெல்லாம் கூட்டிவைத்து, பள்ளிக்கூடம் இல்லாத காலை வேளைகளில் இரண்டு மூன்று மணி நேரம் உழைத்துத் தரும்படி கேட்டுக்கொண்டார். தம்முடைய ஆசீர்வாதமும், தாம் சேர்த்து வைத்திருந்த பழைய தபால் தலைகளுமே அவர்களுக்குச் சம்மானம். குழந்தைகள் வெகு சீக்கிரத்தில் வேலையை முடித்துவிட்டார்கள். விலை வைக்காமல் வழங்கப்படும் எழுத்துக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்தே தீரவேண்டும். அந்த விலையைப் பணமாக வாங்காமல் பலருடைய உழைப்பாக ஏற்றுக்கொள்ளும்போது, உழைத்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் காரியத்தின் பங்காளிகள் ஆகிவிடுகிறார்கள்.

அவ்வாண்டு அக்டோபர் 26ஆம் தேதி சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் காந்தி பேசினார். எசமானனிடம் அடிபட்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, இரத்தம் ஒழுகும் வாயோடும் கையில் பிடித்த தலைப்பாகையோடும் தம்மிடம் வந்து நின்ற பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலியின் வழக்கை அவர் முன்பே நடத்தியிருந்தபடியால், சென்னை நகரத்தாருக்கு அந்தத் துயரம் தூர தேசத்துச் செய்தியாகப் படவில்லை. 'மெட்ராஸ் ஸ்டாண்டர்டு' பத்திரிகையின் ஜி. பரமேசுவரன் பிள்ளை தம் பத்திரிகையின் பத்திகளையே காந்தியின் உபயோகத்துக்குத் திறந்துவிட்டார். பச்சைப் பிரசுரத்தின் இரண்டாம் பதிப்பாக இங்கே மேலும் பதினாயிரம் பிரதிகள் அச்சாகி, மளமளவென்று செலவாயின.

அதற்குள் அந்தப் பிரசுரத்தின் சாரத்தை ராய்ட்டர் நிறுவனம் லண்டனுக்குத் தந்தியில் அனுப்ப, அந்தச் சாரத்தின் சாரம் மூன்று வரிகளாகச் சுருங்கி, உருவமும் திரிந்து, நேட்டால் போய்ச் சேர்ந்தது. 1897 ஜனவரி 13ஆம் தேதி டர்பனில் காந்தி கரையிறங்கியதும், அந்தச் செய்தியால் சினமுற்றிருந்த வெள்ளையர் கூட்டமொன்று அவரைக் கல்லாலும் காலாலும் தாக்கிற்று. ஆனால் நேட்டாலில் முன்பே கூறியதைக் காட்டிலும் கடுமையாக இந்தியாவில் எதையும் அவர் கூறவில்லை என்பது, பிரசுரத்தையும் பிரசங்கங்களையும் வாசித்தவர்களுக்கு விளங்கிவிட்டது. ஒளிவு மறைவின்றி எல்லோருக்கும் வழங்கப்பட்ட எழுத்தே அவருக்குச் சாட்சி சொல்லிற்று.

1903 ஜூன் மாதத்தில் 'இந்தியன் ஒப்பினியன்' தொடங்கிற்று. ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தி, தமிழ் ஆகிய நான்கு பாஷைகளில் வந்த அந்தப் பத்திரிகைக்குச் சில காலம் மாதம் 75 பவுன் வரையில் தம் வக்கீல் வருமானத்திலிருந்தே காந்தி கொட்ட நேர்ந்தது. பின்னர், விளம்பரங்களே வேண்டாம் என்று தள்ளி, வாசகர்களின் ஆதரவையே நம்பி அதை நடத்தினார். சந்தா கட்ட இயலாத ஏழைகள் சிலர் ஒன்றுகூடிப் பணம் போட்டு ஒரு பிரதி வாங்குவார்கள். வந்த உடனே குஜராத்திப் பகுதியை ஒருவர் முதலிலிருந்து கடைசி வரை உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். பத்திரிகை என்பது தங்களுக்கு விற்கப்படும் சரக்கு என்ற எண்ணம் மறைந்து, தாங்களே காப்பாற்றவேண்டிய பொதுச்சொத்து என்ற உணர்ச்சி அந்த மக்களிடம் வேரூன்றிவிட்டது. பின்னால் சிறை புகுந்த சத்தியாக்கிரகிகள் பலரை உருவாக்கியது இந்த வாசிப்புப் பழக்கம்தான்.

1909 நவம்பர் 13 முதல் 22 வரையில், லண்டனிலிருந்து திரும்பும் 'கில்டோனன் காஸில்' கப்பலில், கப்பலின் காகிதத்திலேயே, வலக்கை சோர்ந்தபோது இடக்கையால் காந்தி எழுதிய நூல் 'ஹிந்த் சுவராஜ்'. குஜராத்தி மூலத்தைப் பம்பாய் சர்க்கார் 1910 மார்ச்சில் தடை செய்தது. அதே ஆண்டில் அவரே மொழிபெயர்த்து வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பின் முகப்புப் பக்கத்தில், பதிப்புரிமையைப் பற்றி வழக்கமாகக் காணப்படும் எச்சரிக்கைக்கு நேர்மாறாக, எந்த உரிமையும் ஒதுக்கிக்கொள்ளப்படவில்லை என்ற அறிவிப்பு இருந்தது. ராஜாங்கம் ஒரு புத்தகத்தைப் பூட்டிவைக்க முனைந்த வேளையில், அதை எழுதியவர் தம் பக்கத்துக் கதவையும் அகலத் திறந்துவிட்டார்.

இவ்வளவின் பலனும் 1919 ஏப்ரல் 6ஆம் தேதி பம்பாயில் கண்கூடாகத் தெரிந்தது. ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாள் முழுவதும் உபவாசம் இருந்த ஜனங்கள் மாலையில் பெருங்கூட்டமாகக் கூடினர். தடை செய்யப்பட்ட 'ஹிந்த் சுவராஜ்', 'சர்வோதயம்' ஆகிய நூல்களின் பிரதிகளுடன் தொண்டர்கள் புறப்பட்டார்கள். காந்தியும் சரோஜினி நாயுடுவும் மோட்டாரில் சென்று விற்றார்கள். ஒரு பிரதியின் விலை நாலணா. அந்த விலையை மாத்திரம் கொடுத்து வாங்கியவர் அபூர்வம். சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் கொட்டியவர்கள் பலர். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நோட்டுகள் பறந்து வந்தன. ஒரு பிரதிக்கு ஐம்பது ரூபாயும் கிடைத்தது. வாங்குகிறவர்கள் கைதாகிச் சிறை போக நேரலாம் என்று முன்கூட்டியே விளக்கிச் சொல்லப்பட்டிருந்தது; அதைக் கேட்டும் ஒருவரும் பின்வாங்கவில்லை. வசூலான பணம் முழுவதும் இயக்கத்துக்கே சேர்ந்தது. பின்னர் சர்க்கார், இது புதிய பதிப்பு, தடை செய்த பதிப்பன்று என்று தனக்குச் சௌகரியமான வியாக்கியானம் செய்துகொண்டு வாளாவிருந்துவிட்டது.

தம் பத்திரிகைகளில் வரும் எழுத்து அனைவருக்கும் பொது என்ற கொள்கையை, சுயசரிதை தொடர்ந்து வெளிவந்த 1926இலும் காந்தி வலியுறுத்தினார். பிற்காலத்தில் பதிப்புரிமை ஏற்பாடு அவசியமான போதும், 1940இல் எழுதிய உயிலின்படி அந்த உரிமை அவருடைய பிள்ளைகளுக்குப் போகாமல் நவஜீவன் ஸ்தாபனத்தைச் சேர்ந்தது. அந்த உரிமையும் 2008ஆம் ஆண்டின் முடிவோடு காலாவதியாகி, அவர் எழுத்து மீண்டும் பொதுவுடைமையாயிற்று.

குழாயில் தண்ணீர் வராத தெருவைப் பற்றியும், கூடாத கிராம சபையைப் பற்றியும், ஆக்கிரமிக்கப்பட்ட ஏரியைப் பற்றியும் இன்று ஊதியம் எதிர்பாராமல் எழுதுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் முயற்சியின் வெற்றியை எத்தனை பேர் வாசித்தார்கள் என்பதைக் கொண்டு அளக்க வேண்டியதில்லை. வாசித்தவர்களில் எத்தனை பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள், எத்தனை பேர் சபைக்கு வந்து எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள், எத்தனை பேர் தாங்களே அதைப் படியெடுத்து அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனார்கள் என்பதே மெய்யான கணக்கு. பொதுநலத்துக்காக இலவசமாக எழுதுகிறவன் வாசகனிடம் காசு கேட்பதில்லை. ஆனால் அதைவிடப் பெரிய ஒன்றை, அவனுடைய நேரத்தையும் துணிவையும், கூசாமல் கேட்கும் உரிமையைப் பெற்றுவிடுகிறான். தன் ஆதாய உரிமையை முதலில் துறந்தவனுக்கே அந்த உரிமை சித்திக்கும்.