கொசுவின் முட்டையிடும் இடத்தேர்வு

முட்டையிலிருந்து வெளிவரும் கொசுப்புழுவால் பிறந்த நீரைவிட்டு வேறு நீருக்குப் போக முடியாது. இரை தீர்ந்தாலும், மீன் நுழைந்தாலும், வெயிலில் நீர் வற்றினாலும் அங்கேயேதான் கிடந்தாக வேண்டும். அதன் பிழைப்பு தாய்க்கொசு தேர்ந்த இடத்தைப் பொறுத்தது. பெண்கொசு இரத்தம் குடித்த இரண்டு மூன்று நாட்களில் முட்டைகள் முதிர்கின்றன; அதன்பின் அது தக்க நீரைத் தேடிப் புறப்படுகிறது.

இனத்துக்கு ஒரு நீர்

உலகில் 3,500-க்கும் மேற்பட்ட கொசு இனங்கள் உள்ளன. எல்லா நீரும் எல்லாக் கொசுவுக்கும் ஒத்துவராது.

யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி போன்ற அழுக்குநீரை நாடுகிறது. நீர்ப்பரப்பின்மேல் நின்றபடி, நூற்றுக்கும் அதிகமான முட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தி ஒரு தெப்பமாக்குகிறது. மேலிருந்து பார்த்தால் அரிசி அளவிலான புகைக்கரித் துணுக்கு மிதப்பது போலிருக்கும்.

மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு பெரும்பாலும் தெளிந்த நீரில் முட்டைகளைத் தனித்தனியாக இடும். ஒவ்வொரு முட்டைக்கும் இரு பக்கமும் காற்றடைத்த மிதவைகள் உண்டு. ஆப்பிரிக்காவின் அனாபிலிஸ் காம்பியே, மாட்டுக் குளம்புத் தடத்தில் தேங்கிய வெயில்படும் மழைநீரிலும் முட்டையிடுகிறது. சென்னை போன்ற நகரங்களில் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கிணறுகளையும் மேல்நிலைத் தொட்டிகளையும் பிடித்துக்கொண்டது. மான்சோனியா கொசுவோ ஆகாயத்தாமரை போன்ற மிதக்கும் செடிகளின் இலையடியில் முட்டையிடும். அதன் புழு செடியின் வேரைத் துளைத்து அங்கிருந்தே மூச்சுவிடுகிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டியின் வழக்கம் வேறு. அது நீரில் இடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் முட்டைகளை ஒட்டுகிறது. இடும்போது வெள்ளையாக இருக்கும் முட்டை, சில மணி நேரத்தில் கறுத்து இறுகிவிடும். ஒரு முறைக்கான முட்டைகளை ஒரே இடத்தில் கொட்டாமல், ஒரு டயரில் சில, ஒரு சிரட்டையில் சில எனப் பல இடங்களில் பிரித்து வைப்பதும் உண்டு. ஓரிடம் அழிந்தாலும் மற்றொன்று பிழைக்கும்.

நீரை அறியும் விதம்

தூரத்திலிருந்து கண்ணும் மூக்கும் வழிகாட்டுகின்றன. ஏடிஸ் கருநிறப் பாத்திரத்தையும் சொரசொரப்பான பரப்பையும் விரும்பும். அழுகும் இலைகளில் வளரும் பாக்டீரியாவின் மணம், புழுவுக்கு இரை உண்டு என்று அதற்குச் சொல்கிறது. மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளும் ஏடிஸை முட்டையிட ஈர்ப்பதாக, ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு 2020-ல் காட்டியது.

அருகே வந்ததும் கொசு காலால் நீரைத் தொட்டுச் சுவைக்கிறது. பி.பி.கே.301 என்ற மரபணுவைச் செயலிழக்கச் செய்த ஏடிஸ் கொசுக்கள், நீரைத் தொட்டும் முட்டையிடத் தயங்கியதை 2019-ல் வெளியான ஆய்வு பதிவு செய்தது.

முன்பு வந்த கொசுவின் முட்டையும் தகவல் தருகிறது. கியூலெக்ஸ் முட்டையின் நுனியிலுள்ள சிறு துளியின் மணம், அதே இனத்தின் மற்றப் பெண்கொசுக்களை அந்த நீருக்கு அழைக்கிறது. பகையின் வாடையோ விரட்டுகிறது: முதுகு கீழாக நீந்தி கொசுப்புழுவைத் தின்னும் நீர்ப்பூச்சி இருக்கும் குட்டையை, அதன் வாடையை வைத்தே குலிசெட்டா என்ற கொசு தவிர்ப்பதை இஸ்ரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

கட்டுப்பாட்டில் இதன் பயன்

கறுப்புக் கிண்ணத்தில் சிறிது நீரும் சொரசொரப்பான குச்சியும் வைத்து, ஒட்டும் முட்டைகளை எண்ணும் முட்டைப்பொறி 1960-களிலிருந்து ஏடிஸ் கண்காணிப்பில் பயன்படுகிறது.

ஏடிஸ் முட்டை உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, நீர் பட்டதும் பொரிக்கும். இத்தகைய முட்டைகளைச் சுமந்த பழைய டயர்கள் வழியேதான் ஆசியப் புலிக்கொசுவான ஏடிஸ் அல்போபிக்டஸ் அமெரிக்காவுக்குப் பரவியது. 1985-ல் டெக்சாஸின் ஹூஸ்டனில் அது நிலைகொண்டிருப்பது தெரியவந்தது.

ஆகவே தொட்டியையும் டிரம்மையும் கவிழ்த்து நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. முட்டை சுவரிலேயே ஒட்டியிருக்கும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் பிடிப்பதால், வாரம் ஒருமுறை உட்சுவரைப் பிளீச்சிங் பவுடர் போட்டு நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, நீர் பிடித்தவுடன் இறுக மூடிவைக்க வேண்டும்.