கம்பியில்லாக் கன்ட்ரோலர் இணைப்பும் மீள்பொறியியலும்

விளையாட்டுக் கன்சோலும் அதன் கம்பியில்லாக் கன்ட்ரோலரும் வானொலி அலைவழியே தகவல் பரிமாறிக்கொள்ளும் விதிகளின் தொகுப்பு நெறிமுறை எனப்படும். உற்பத்தியாளரின் ஆவணம் ஏதுமின்றி, கருவியை மட்டுமே ஆராய்ந்து அந்நெறிமுறையைக் கண்டறிவது ரிவர்ஸ் இன்ஜினியரிங் எனும் மீள்பொறியியலின் ஒரு கிளையாகும்.

நின்டெண்டோ நிறுவனம் 2006 நவம்பரில் வெளியிட்ட வீ கன்சோலின் கன்ட்ரோலர், செல்பேசிகளில் ஏற்கெனவே புழக்கத்திலிருந்த புளூடூத் முறையையே பயன்படுத்தியதால், அதைக் கணினியுடன் இணைக்கும் வழி விரைவில் புலப்பட்டது. இணைப்புக்குரிய ரகசிய எண், புளூடூத் முகவரியின் ஆறு பைட்டுகளைப் பின்னிருந்து முன்னாக அடுக்கியதே எனத் தெரியவந்தது. 2011இல் வெளிவந்த லினக்ஸ் கெர்னல் 3.1 பதிப்பில் இக்கன்ட்ரோலருக்கான டிரைவரும் இடம்பெற்றது.

2012 நவம்பரில் வந்த வீ யூ கன்சோலின் கேம்பேட் இதைவிடப் பெரிய புதிராக அமைந்தது. 854×480 புள்ளிகள் கொண்ட தொடுதிரையுடைய இக்கருவி, பொத்தான் அழுத்தங்களைக் கன்சோலுக்கு அனுப்புவதோடு, எச்.264 முறையில் சுருக்கப்பட்ட காணொளியையும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வழியே இடைவிடாது பெற வேண்டியிருந்தது. முதல் இணைப்பின்போது திரையில் தோன்றும் இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர் எனும் சீட்டுக் குறிகள் முறையே 0, 1, 2, 3 என்ற இலக்கங்களைக் குறிப்பன என்றும், அவ்வாறு கிடைக்கும் நான்கு இலக்கங்களின் பின் 5678 என்பதைச் சேர்த்தால் வைஃபை இணைப்புக்குரிய எட்டிலக்க எண் கிடைக்கும் என்றும் பியேர் பூர்டோன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். எனினும் வழக்கமான வைஃபை மென்பொருளால் அந்த எண்ணைக் கொண்டும் இணைய இயலவில்லை. ஏனெனில் டபிள்யூபிஏ2 எனும் பாதுகாப்பு முறையில் கணக்கிடப்படும் தற்காலிகத் திறவியின் பைட்டுகளை நின்டெண்டோ மூன்று இடம் சுழற்றி வைத்திருந்தது. அலைகளை ஒட்டுக்கேட்பதால் மட்டும் பிடிபடாத இம்மாற்றம், கேம்பேடின் நினைவகச் சில்லிலிருந்து உள்மென்பொருளைப் படித்தெடுத்து, அதன் கட்டளைகளை வரிவரியாக ஆராய்ந்தபின்பே வெளிப்பட்டது. காணொளிப் பொதிகள் வைஃபை வன்பொருளின் கடிகாரத்தோடு நுட்பமாக ஒத்திசைய வேண்டியிருந்ததால் லினக்ஸின் வைஃபை பகுதியையும் திருத்த நேர்ந்தது. 2013 டிசம்பரில் ஹாம்பர்க் நகரில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் மாநாட்டில் இம்முடிவுகள் விளக்கப்பட்டன. கன்சோல் இன்றித் தானாக இயங்காத கேம்பேடைக் கணினியின் துணைத்திரையாக்க வழிவகுத்ததும், 2017இல் வீ யூ உற்பத்தி நின்றபின் அதன் பயன்பாட்டை நீட்டித்ததும் இவ்வாய்வின் உண்மையான பெறுமதி எனலாம்.

பிற்காலத்தில் உற்பத்தியாளர்களின் போக்கும் ஓரளவு மாறியது: 2021இல் வந்த லினக்ஸ் 5.12 பதிப்பில் தன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலருக்கான டிரைவரைச் சோனி நிறுவனமே அளித்தது.

இத்தகைய மீள்பொறியியலைப் பொறுத்தவரை, இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1999இல் செய்யப்பட்ட திருத்தம், சுயமாக உருவாக்கிய நிரல் ஒன்று பிற நிரல்களுடன் இணைந்து இயங்கத் தேவையான தகவலை, அது வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் ஆராய்ந்து பெறுவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. 2012இல் சேர்க்கப்பட்ட 65அ பிரிவு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கினாலும், பதிப்புரிமையை மீறும் நோக்கம் அதில் இருக்க வேண்டும் என வரையறுக்கிறது.