ஷோ கேஸும் வெள்ளைச் சுவரும்



போன கிழமை எங்கள் பக்கத்து வீடொன்றின் வாசலில் ஒரு ஷோ கேஸ் மழையில் நனைந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கதவு இரண்டையும் கழற்றி மதிலோடு சாத்தி வைத்திருந்தார்கள். பழைய சாமான் எடுக்கிற லொறி வரும்வரைதான் அது அங்கே. மகன் ஹோலைப் புதிதாகச் செய்கிறார். வெள்ளைச் சுவர், சாம்பல் நிற டைல்ஸ், சுவரில் ஒரு மணிக்கூடுகூட இல்லை. உம்மா குசினியில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்குத் தேத்தண்ணி தந்தார், புதிதாக வாங்கிய வெள்ளைக் கோப்பையில்.

இன்று வெலிமடையில் பல வீடுகளில் இது நடக்கிறது. பிள்ளைகளுக்கு வெறுமையாக, 'மொடர்ன்' ஆக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு வீடு நிறைந்திருக்க வேண்டும். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. வரலாறு படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு பொருளைக் கண்டால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது. அந்த ஷோ கேஸ் எங்கிருந்து வந்தது, அந்த வெள்ளைச் சுவர் எங்கிருந்து வந்தது என்று மட்டும் பார்ப்போம்.

"நம்முடைய பழைய வீடு" என்கிறோமே, அதற்குள் இருக்கிற சொற்களைப் பாருங்கள். கதிரை, மேசை, அலுமாரி, ஜன்னல், குசினி எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். இஸ்தோப்பு, லாச்சி, கக்கூஸ் ஒல்லாந்தர் விட்டுப்போனவை. பாய், அடுப்பு, உரல், திண்ணை என்று நம் பக்கத்தில் சிலதுதான் மிஞ்சும். ஆகவே வெளியிலிருந்து வந்தது என்பதற்காக ஒன்றைக் குறை சொன்னால் முதலில் கதிரையை விட்டு எழும்ப வேண்டும்.

நமக்குக் கிட்டிய பெரிய உதாரணம் ஹப்புத்தளையில் இருக்கிறது. சுற்றுலா போகிற பிள்ளைகள் எல்லோரும் ஜாம் போத்தல் வாங்கி வருகிற அதிஷாம் பங்களா. சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் கட்டியது, 1931இல் முடிந்தது. இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் உள்ள ஒரு கிராமத்தின் பெயரைத்தான் வீட்டுக்கு வைத்தார். கருங்கல் சுவர், மரப்பலகை அடித்த அறைகள், நூலகம், கணப்பு அடுப்பு. தேயிலை வியாபாரத்தில் உயர்ந்த மனிதர், நானூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்தை ஊவா மலையில் நட்டுவைத்தார். இன்று அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம்.

அதே 1931இல் பாரிஸுக்குப் பக்கத்தில் பொய்சி என்ற இடத்தில் இன்னொரு வீடு முடிந்தது. வில்லா சவோய். கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே. மெல்லிய தூண்களின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி, நீள ஜன்னல், தட்டைக் கூரை, அலங்காரம் என்று எதுவும் இல்லை. இன்று நம் பிள்ளைகள் போனில் பார்த்து விரும்புகிற வீட்டின் மூத்தாப்பா என்று அதைச் சொல்லலாம். ஆனால் அந்த வீட்டுக்குள் மழைநீர் ஒழுகியது, சொந்தக்காரர்கள் கட்டியவருக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினார்கள். வெலிமடை மழைக்குத் தட்டைக் கொங்கிரீட் கூரை போட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதினமான செய்தி இல்லை.

அதிஷாமைச் சுற்றியிருந்த தோட்டங்களில் அதே காலத்தில் மக்கள் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் இருந்தார்கள். ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். அங்கேயும் சுவர் வெறுமையாக இருக்கவில்லை. புகையேறிய சுவரில் கலண்டர் படம், பழைய பத்திரிகைத் தாள், ஒரு சிறு கண்ணாடி. சாமான் இல்லாதவர்கள்தான் சுவரை முதலில் நிரப்புகிறார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நமது ஊர்க் கடைக்காரக் குடும்பங்களும் இதற்கு விலக்கில்லை. முன்னால் கடை, பின்னால் வீடு என்று இருந்தவர்களிடம் இரண்டு கதிரை, ஒரு பெட்டி, சுருட்டி வைத்த பாய்கள், இவ்வளவுதான்.

இனி ஷோ கேஸ். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. பாணுக்கும் துணிக்கும் வரிசை. அந்தக் காலத்து உம்மாமாரிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு நல்ல பீங்கான் உடைந்தால் அது வீட்டில் ஒரு துக்கம். 1977இல் பொருளாதாரம் திறந்தது. 1979இல் சுயாதீன தொலைக்காட்சி வந்தது, 1982இல் ரூபவாஹினி. டி.வி. வாங்கியவர்கள் அதற்குக் கையால் பின்னிய உறை போட்டார்கள். உருளைக்கிழங்கில் நாலு காசு கண்டவர்கள் பலகை ஷோ கேஸ் அடித்தார்கள். ஆனால் அதற்குள் வைக்கச் சாமான் வந்தது பெரும்பாலும் மத்திய கிழக்கிலிருந்து.

போனவர்களில் ஆண்களும் இருந்தார்கள். ஆனால் 1990களில் இலங்கையிலிருந்து போனவர்களில் பெரும்பான்மை பெண்கள், அதிலும் மற்றவர்களின் வீட்டில் வேலை செய்யப் போனவர்கள். பிள்ளையை உம்மும்மாவிடம் விட்டுவிட்டு இரண்டு வருடம், இன்னும் இரண்டு வருடம். திரும்பி வரும்போது கஃபாப் படம் போட்ட வெல்வெட் விரிப்பு, கறுப்பில் பொன் எழுத்து ஆயத்துல் குர்ஸி, பாங்கு சொல்லும் மணிக்கூடு, பொன் விளிம்புக் கோப்பை செட், பிளாஸ்டிக் ரோசா. 1990 ஓகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கே பல்லாயிரம் இலங்கையர் இருந்தார்கள். பலர் சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டு வெறுங்கையோடுதான் ஊர் வந்தார்கள். ஆகவே அந்த வருடங்களில் ஒரு கோப்பை செட் உடையாமல் வெலிமடை வந்து சேர்ந்ததென்றால் அதை எங்கே வைப்பார்கள்? எல்லோருக்கும் தெரிகிற இடத்தில்தான். அந்தக் கோப்பையில் யாரும் தேத்தண்ணி குடித்ததில்லை. அந்த உம்மா எங்கே போய்வந்தார், என்ன செய்தார் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சான்றிதழ் அதுதான். நாம் நம்முடைய டிப்ளோமாவைச் சட்டம் போட்டு மாட்டவில்லையா?

வீண்விரயம் என்று பயான்களில் சொல்லப்பட்டதும் உண்மை. தூசு பிடிப்பதும் உண்மை. ஆனால் இன்றைய 'சிம்பிள்' வீட்டின் பில்லை யாராவது காட்டுவார்களா? ஜிப்சம் சீலிங், மறைத்து வைத்த லைட், கைப்பிடி தெரியாத பென்ட்ரி கபர்ட். 2022க்குப் பிறகு டைல்ஸ் விலை கேட்டவர்களுக்குத் தெரியும், எதுவும் இல்லாதது போலக் காட்டுவதற்கு எவ்வளவு போகிறதென்று. தை மாதக் காலையில் அந்த டைல்ஸில் வெறுங்காலோடு ஸுபஹுக்கு எழும்பிப் பார்த்தால், அந்த விரிப்பை உம்மா ஏன் கீழே போட்டு வைத்திருந்தார் என்பதும் விளங்கும்.

இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? எழுபது வருடத்துக்கு முன் கண்டியில் ஒரு பெண் அதை ஏற்க மறுத்தார். மினட் டி சில்வா, 1918இல் பிறந்தவர். பம்பாயிலும் லண்டனிலும் கட்டடக் கலை படித்தவர், 1948இல் பிரித்தானிய கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் உறுப்புரிமை பெற்ற முதல் ஆசியப் பெண். லெ கொர்புசியேயின் நண்பர். அவருக்கு வெள்ளைப் பெட்டி கட்டத் தெரியாமல் இல்லை. ஆனால் 1951இல் கண்டியில் கருணாரத்ன குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் அவர் வேறொன்று செய்தார். திறந்த, வெளிச்சமான, புதுமுறை வீடு. அதற்குள் தும்பறைப் பாய் நெசவு, அரக்குப் பூச்சு வேலை, சுட்ட களிமண் ஓடு, ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியம். வாங்கி வந்து ஷோ கேஸில் அடுக்கியவை அல்ல இவை. வீட்டின் பாகமாகவே அமைந்தவை. வீடு புதிதாக இருக்க, பாய் பின்னுகிறவருக்கு வேலையும் கிடைத்தது. பிறகு கண்டி வட்டப்புலுவையில் அரச ஊழியர்களுக்கு வீட்டுத் திட்டம் செய்தபோது, குடியிருக்கப் போகிறவர்களிடமே வினாக்கொத்துக் கொடுத்து, உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று கேட்டார். நம் வீட்டில் உம்மாவிடம் அந்தக் கேள்வியை யாராவது கேட்டோமா தெரியாது. 1998இல் கண்டியில் அவர் காலமானபோது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. அவர் வாழ்ந்த வீடும் பாழடைந்தது.

பெயரெடுத்தவர் ஜெஃப்ரி பாவா. கோட்டே பாராளுமன்றக் கட்டடத்தைச் செய்தவர். அவருடைய தந்தைவழியில் முஸ்லிம் வேர் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் அவர் தனக்கென்று அமைத்த வீட்டில் சுவர் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழைய மரத்தூண்கள் நிற்கின்றன. இன்று போனில் வருகிற 'ட்ரொபிக்கல் மினிமல்' படங்களில் பாதி அவரைப் பார்த்துச் செய்தவை. ஆனால் அந்தப் படங்களில் தூண் இருக்காது, வெள்ளை மட்டும்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டு மகனிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை, வாத்தியார்கள் வந்தால் இதுதான் என்று ஓடிவிடுவார். ஷோ கேஸுக்குள் இருந்த சாமான் எங்கே என்று மட்டும் கேட்டோம். ஒரு பெட்டியில் போட்டு மேலே வைத்திருக்கிறார்களாம். கோப்பை செட் குவைத்தா சவூதியா என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. உம்மா குசினிக்குள் இருந்தே பதில் சொன்னார்: "குவைத், மகன். நீங்க மூணாம் வகுப்பு."

இந்தத் தவணையில் பத்தாம் தரப் பிள்ளைகளை வைத்து வெலிமடை வீடுகளின் உட்புறப் படங்கள் சேர்க்கிறோம். 2000க்கு முந்திய கல்யாணப் படம், பெருநாள் படம் எதுவாக இருந்தாலும் சரி, பின்னால் சுவரோ ஷோ கேஸோ தெரிந்தால் போதும். ஆட்கள் தெரியக் கூடாது என்றால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்புங்கள். எந்த வருடம், எந்தச் சாமான் எந்த நாட்டிலிருந்து யார் கொண்டு வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். லொறிக்காரர் செவ்வாய்க்கிழமைகளில் வருகிறார், அதற்கு முன்.